கலைமதியின் இரண்டாவது அளவு

பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றிவிட்டாலும் கலைமதி உடனே பொத்தானை அழுத்த மாட்டாள். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் வரும்வரை வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைப் பற்றி விசாரிப்பாள். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்த பிறகு, "பேசாம மூச்ச வுட்டுக்கினு உக்காருங்க, அஞ்சு நிமிஷம். டிவியில வெளம்பரம் ஓடுதுன்னு நெனச்சிக்கங்க" என்பாள். அந்த ஐந்து நிமிடமும் ஊரே வாயை மூடிக்கொண்டாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து ஏதாவது கேட்டால் பார்வையாலேயே விரட்டுவாள். மிஷின் உறுமி, கையை இறுக்கி, பெருமூச்சு விட்டு ஓயும். வருகிற எண்ணைக் கைப்பேசியில் ஏற்றுவாள். அது சர்க்கார் அளவு.

அதற்கப்புறம்தான் அவளுடைய சொந்த வேலை. அதே பட்டை, அதே கை. "ம், இப்ப சொல்லுங்க, மருமவ வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடியும் பொத்தானை அழுத்துவாள். அளக்கும்போது பேசக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். தெரிந்தேதான் மீறுகிறாள். இந்த இரண்டாவது எண் எந்த அலுவலகத்துக்கும் போகாது. துணிக்கடை மஞ்சள் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். அதில் போய் உட்காரும். பக்கத்திலேயே அந்த நேரம் என்ன பேச்சு ஓடியது என்ற குறிப்பும் இருக்கும். '128 – மாடு கன்னு போட்டது.' '161 – பெரிய பையன், பெங்களூரு.' '174 – தம்பி எழுப்பின மதில்.' '119 – தூக்கம் வருதுன்றாரு.' யாராவது அந்த நோட்டைத் திருடிப் படித்தால் ஊர்க்கதை முழுதும் தெரிந்துவிடும். நல்லவேளை, அவள் கையெழுத்தை அவளைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற பாதையில் பிரிகிற ஒரு கிராமத்தில், காலனியில் வீடு. வயது நாற்பத்து நான்கு. பிளஸ் டூ வரை படித்தவள். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலைக்கு வந்து நாலைந்து வருடம் ஆகிறது. ஒரு பக்கத்துக் கண்ணாடி இல்லாத ஸ்கூட்டியில் காலை ஏழரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். நாளொன்றுக்கு இருபது வீடு. போகிற வழியெல்லாம் ஆட்கள் கையைத் தூக்கிக் காட்டுவார்கள், வணக்கத்துக்கு இல்லை, பட்டையைக் கட்டச் சொல்லி.

மிஷினின் முகத்தை எப்போதும் தன் பக்கம் திருப்பித்தான் வைப்பாள். நம் ஜனங்களுக்கு பிரஷர் என்பது பரீட்சை மார்க் மாதிரி. "எனக்கு எவ்ளோ? எதிர்வூட்டுக்காரருக்கு எவ்ளோ?" என்று கேட்பார்கள். எண் ஏறுவது கண்ணில் பட்டால் அதைப் பார்த்தே இன்னும் பத்து ஏறும். "ராஜகிரிக் கோட்ட மேல ஏறுறவன் கூட நடுவுல நின்னு மூச்சு வாங்குவான். உங்களுது நிக்காம ஏறுது பாரு" என்று திட்டிவிட்டு, மிஷினை மடக்கிவிடுவாள்.

மனசு கொதித்தால் ரத்தமும் கொதிக்கும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் "எல்லாம் மனசுதான்" என்று மட்டும் அவள் வாயில் வராது. ஒருமுறை வந்தது. கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கிற விநாயகம் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று சொன்னபோது, அவருக்கும் மகனுக்கும் நடந்துகொண்டிருந்த சண்டையை வைத்து, "டென்ஷன்தாண்ணே, வேற ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டாள். பத்தாவது நாள் மஞ்சளாக மாறிப்போன கண்களோடு அவரை விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பித்தப்பையில் கல். பிழைத்துவிட்டார், இன்றும் டீ ஆற்றுகிறார். "கல்லு வயித்துல இருந்துச்சு. நான் மனசுல தேடிக்கினு இருந்தேன்" என்று கலைமதி அதை யாரிடமும் மறைக்காமல் சொல்வாள். அன்றிலிருந்து எந்த வலியானாலும் முதலில் டாக்டர், அப்புறம்தான் நோட்டு.

இந்த வரிசை தாண்டவராயன் விஷயத்தில்தான் அவளைப் படாதபாடு படுத்தியது.

தாண்டவராயனுக்கு அறுபத்தெட்டு வயது. ஊருக்கு மேற்கே கிணறும் போருமாக மூன்று ஏக்கர். நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முழுக்க வெளுத்துவிட்டது. இடது கண்ணில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. போன தை மாதம் கொடியில் காய்ந்த புடவையை மருமகள் என்று நினைத்து, "வெயில்ல நின்னுக்கினு இன்னா வேடிக்க?" என்று அதட்டினார். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். மாசியில் கிணற்று மேட்டில் கால் தவறி, விளிம்பில் முளைத்திருந்த செடியைப் பிடித்துக்கொண்டு தப்பினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் கண் ஆபரேஷன் என்றால் முகாம்தான். செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தேறியவர்களை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுநாள் ஆபரேஷன் முடித்து, கறுப்புக் கண்ணாடியோடு கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். இலவசம். ஒரே ஒரு கட்டுப்பாடு, பிரஷர் நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. தாண்டவராயன் இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்தார். முதல் தடவை மண்டபத்திலேயே 178. இரண்டாம் தடவை எப்படியோ தேறி, பஸ் ஏறி, பச்சைச் சட்டை போட்டு, ஆபரேஷன் அறைக்கு முந்தைய கூடம்வரை போய்விட்டார். அங்கே 194. அடுத்த பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். இன்னும் முற்ற விட்டால் வலது கண்ணைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று அங்கே இருந்த டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கலைமதி முதலில் மாத்திரை அட்டைகளை எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் எடுக்கவைத்தாள். டாக்டர் ரஞ்சனி பார்த்துவிட்டு, இப்போது சாப்பிடுகிற மாத்திரையே போதும் என்றார். வீட்டில் வைத்து அளந்தால் சர்க்கார் அளவு 136, 134, 138. பிடித்துவைத்த மாதிரி நின்றது. அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏறுவது எது? அடுத்த முகாமுக்கு மூன்று வாரம் இருந்தது. கலைமதி நோட்டைத் திறந்தாள்.

அந்த வீட்டில் தண்ணீர் எப்போதும் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வரும். ஏன் என்று அவள் கேட்டதில்லை, கேட்காமலேயே தெரியும். அவளுடைய அம்மா மீனம்பாள் இதே வீட்டு நிலத்தில் இருபது வருடம் நடவு நட்டவள். அம்மா 'ஐயா' என்று கூப்பிட்ட மனிதரை மகள் 'பெரியவரே' என்று கூப்பிடுகிறாள். தாண்டவராயன் ஒருநாளும் அதற்கு முகம் சுளித்ததில்லை. அவர் மனைவி ராஜம்மாள் சுளிப்பதுண்டு.

"மல்லாட்ட எப்டி பெரியவரே?"

"நல்லா புடிச்சிருக்குது. பன்னிதான் தொல்ல."

135.

"பஸ்ல போனீங்களே, எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது, கெடச்சுது."

151.

"அங்க ஊசி போட்டாங்களா?"

"ஊசிக்கு இன்னா. பாம்பு கடிக்கே பயப்படாதவன் நானு."

148. ஊசி இல்லை. கலைமதி பட்டையைத் தளர்த்திக் கொஞ்சம் விட்டுப் பிடித்தாள். "அப்புறம் உள்ள கூட்டிப் போனா இன்னா செய்வாங்களாம்?"

மிஷின் இறுக்கிக்கொண்டே போனது. அவர் முகம் வாசல் பக்கம் திரும்பியது. "முகத்த மூடிடுவாங்களாம்" என்றார் கடைசியில். "எளையபெருமாளு ஆபரேஷனுக்குப் போய்ட்டு வந்து டீக்கடையில சொன்னான். துணியப் போட்டு மொத்தமா மூடி, கண்ணுகிட்ட மட்டும் ஓட்ட வுடுவாங்களாம்."

186.

கலைமதி எழுதினாள்: '186 – முகத்துல துணி.' எழுதிவிட்டு நிமிராமலே இருந்தாள். மீதியை அவரே சொன்னார். தம்பி தனகோட்டி கொரோனாவில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலையிலிருந்து கால்வரை சுற்றிக் கட்டியிருந்தது. முகத்தைக் காட்டுங்கள் என்று இவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார். காட்டவில்லை. "உள்ள இருந்தது அவன்தானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார் தாண்டவராயன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

கேட்டு அழுதுவிட்டுப் போகிற ரகம் இல்லை கலைமதி. காரணம் பிடிபட்டுவிட்டது, இனி ஒரு கை பார்த்துவிடலாம் என்ற தெம்பு வந்தது. அந்தத் தெம்பில்தான் அவசரப்பட்டாள். மறுநாள் ஒரு வெள்ளைத் துண்டில் வட்டமாக ஓட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். "பழகிக்கலாம் பெரியவரே, ஒன்னுமில்ல" என்று அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, அதை முகத்தின் மேல் போட்டாள். அவர் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எண் என்ன காட்டியது என்று பார்ப்பதற்குள் ராஜம்மாள் கொல்லையிலிருந்து வந்துவிட்டாள்.

"அடிப்பாவி! உசுரோட இருக்கிற மனுஷன் மூஞ்சியில துணியப் போடறியே, நீ நல்லா இருப்பியா? என் தாலி இன்னா உனுக்கு வெளையாட்டா?" துண்டை உருவித் தெருவில் எறிந்தாள். "இனிமே இந்த வாசல்ல கால வெச்சின்னா பாரு!"

ஸ்கூட்டியைக் கிளப்பும்போது கலைமதிக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெள்ளைத் துண்டு, படுத்திருக்கும் ஆள், வேறொருத்தர் கை. வேலிக்கு அந்தப் பக்கம் நடந்ததையே அல்லவா அவருக்குத் திரும்பச் செய்து காட்டிவிட்டோம்! 'தப்பு என்னுது' என்று அன்றைய பக்கத்தில், எண் எதுவும் போடாமல், எழுதி வைத்தாள். இரண்டு நாள் அந்தத் தெரு பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது மீனம்பாளிடம் சொன்னாள். கேட்டுவிட்டு மீனம்பாள் சிரித்தாள். "அந்த மனுஷனுக்கா துணின்னா பயம்? மத்தியானம் சோறு துன்னுட்டு புங்கமரத்தடியில படுத்து, தோள்ல கெடக்கிற துண்ட எடுத்து மூஞ்சியில போட்டுக்குவாரு. அப்பதான்டி நாங்க இடுப்ப நிமுத்துவோம். அவரு மூஞ்சியில துண்டு வுழுந்தாதான் எங்குளுக்கு மூச்சு. கொறட்ட அடங்கறதுக்குள்ள வெத்தல போட்டு, ஒரு பாட்டம் பேசி முடிச்சுடணும்."

கலைமதி சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடவுக்காரிகளைத் தவிர இது யாருக்குத் தெரிந்திருக்கும்? வரப்பில் நிமிர்ந்து நின்றவர்கள் கவனித்து வைத்திருந்த விஷயம். அந்த மருந்து அவருடைய தோளிலேயே கிடந்திருக்கிறது. தம்பி போனதிலிருந்து அவர் எடுத்து முகத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகாமல் நேரே நிலத்துக்குப் போனாள். தாண்டவராயன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவள் எதையும் கொண்டுபோகவில்லை, மிஷினைக்கூட ஸ்கூட்டியில் விட்டிருந்தாள்.

"பெரியவரே, அன்னிக்கி செஞ்சது தப்பு. என் துணி, என் கை. இன்னிக்கி உங்க துண்டு, உங்க கை. நான் தொட மாட்டேன். எங்கம்மா சொல்லுது, நீங்க இங்க படுத்து தூங்குவீங்களாமே."

"யாரு, மீனம்பாளா? அவுளுக்கு எப்டித் தெரியும்?"

"நீங்க எப்படா தூங்குவீங்கன்னு பாத்துக்கினு இருந்திருக்குது."

தாண்டவராயன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார். முதல் நாள் நெற்றியோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாம் நாள் மூக்குவரை. நான்காம் நாள் முழுதாகப் போட்டு, பத்து எண்ணுவதற்குள் பிடுங்கி எறிந்து, மோட்டார் கொட்டகைவரை போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "வேணாம்மா. அவன் ஞாபகம்தான் வருது" என்றார்.

"வரட்டும். வந்தா பேசுங்க. துணிக்குள்ள இருந்தே பேசுங்க, நான் கேக்கறேன்."

பேசினார். தனகோட்டிக்கு நீச்சல் பழக்கியது, பங்கு பிரித்தபோது கிணற்றுக்காகச் சண்டை போட்டது, பனமலை ஏரியில் இரண்டு பேரும் மீன் பிடிக்கப் போய் அப்பாவிடம் அடி வாங்கியது. துண்டு அவர் பேச்சுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கியது. கலைமதி எட்டாம் நாளிலிருந்து மிஷினையும் எடுத்துவந்தாள். '162 – கிணத்துச் சண்டை.' '149 – மீனு.' பன்னிரண்டாம் நாள் பேச்சு பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தாள். குறட்டை. வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்கள்.

ராஜம்மாளுக்கு விஷயம் போகாமல் இருக்குமா? சோறு கொண்டுவந்தபோது ஒருநாள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். கத்தவில்லை. தூக்கை வரப்பிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். "அவரு இஷ்டம். என் கண்ணு முன்னாடி வேணாம். அவ்ளோதான்" என்று மட்டும் கலைமதிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மூன்றாவது முகாம். மண்டபத்தில் 144. பஸ் கிளம்பும்போது கலைமதி துணைக்கு ஏறிக்கொண்டாள், ராஜம்மாளும் வந்தாள். கோட்டை மலைகள் பின்னால் போகிறவரை தாண்டவராயன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். "இன்னா பெரியவரே, பயமா?" என்றாள் கலைமதி. "இருக்குது. ஆனா தெரிஞ்ச பயம்" என்றார் அவர். இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டே வந்த ராஜம்மாளுக்குத் திண்டிவனம் தாண்டுவதற்குள் நா வறண்டுவிட்டது. கலைமதி தன் பாட்டிலை நீட்டியதும் வாங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அதே கூடம். நீளமாக பெஞ்சுகள். பச்சைச் சட்டை போட்ட இருபது பேர். ஒருவர் கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்தார், இன்னொருவர் மூன்றாவது தடவையாகக் கழிப்பறைக்குப் போனார். கடைக்கோடியில் நர்ஸ் ஒவ்வொருவராக பிரஷர் பார்த்துக்கொண்டு வந்தார். வரிசையில் முதல் ஆளை 168 என்று சொல்லி ஓரமாக உட்காரவைத்தார்கள். அந்த எண் கூடம் முழுக்கக் கேட்டது. கலைமதி மனதுக்குள் தன் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தாள், நூற்று அறுபதுக்குக் குறையாது.

தாண்டவராயன் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். முகத்தில் போட்டுக்கொண்டார். ராஜம்மாள் வெடுக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் அந்த இடத்துக்கு வந்தபோது ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டார். "யாரு இது? இன்னா ஆச்சு இவருக்கு?"

"தூங்கறாரு சிஸ்டர்" என்றாள் கலைமதி. "எழுப்பாதீங்க. அப்படியே பாருங்க."

நர்ஸ் குனிந்து, தொங்கிய கையைத் தூக்கிப் பட்டையைச் சுற்றினார். மிஷின் உறுமியது, இறுக்கியது, ஓய்ந்தது. துண்டு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "நூத்தி முப்பத்தாறு" என்றார் நர்ஸ். மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நூத்தி முப்பத்தாறேதான். சொட்டு மருந்து ஊத்த அரை மணி ஆவும். அதுவரைக்கும் தூங்கட்டும்" என்று சொல்லி, அட்டையில் எழுதிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

கலைமதி பையில் கை விட்டு நோட்டை எடுத்தாள். '136' என்று எழுதினாள். பக்கத்தில் என்ன பேச்சு என்று எழுத வேண்டும், யாரும் எதுவும் பேசவில்லை. பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. துண்டின் ஒரு பக்கம் விலகி, தாடையும் நரைத்த மீசையும் வெளியே தெரிந்தன. ஜன்னல் வெளிச்சம் பட்டு, தூக்கத்திலேயே அவர் முகம் சுருங்கியது. குறட்டை தடைப்பட்டது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ராஜம்மாள் அந்தச் சத்தம் நின்றதும் திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, விலகிய துண்டை இரண்டு கையாலும் இழுத்துக் கணவனின் முகத்தை முழுதாக மூடி, காற்றில் பறக்காதபடி அதன் முனையைக் காதோரம் செருகிவிட்டாள்.